உருமால் கட்டிய பாம்பு

செம்மாம்பட்டி மணியகாரர் வெள்ளியங்கிரிக் கவுண்டர் யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. மாடு பால் குறைத்தால் கறக்கிறவளைச் சந்தேகப்படுவார்; பால் கூடினால் தண்ணீரைச் சந்தேகப்படுவார். ஒருவன் கும்பிடு போட்டால் எதற்குப் போடுகிறான் என்று யோசிப்பார். போடாமல் போய்விட்டாலோ அன்றைக்குப் பொழுது முழுக்க அதே யோசனைதான். எருமப்பட்டிக்குக் கிழக்கே இரண்டு கல் தொலைவில் இருந்த அந்த ஊரில் இருநூறு வீடு. இருநூறு வீட்டிலும் இன்றைக்கு என்ன குழம்பு என்பது தமக்குத் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

மணியம், அதாவது கிராம முன்சீப் வேலை, அவர் பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருந்தது. பெரிய வரும்படி ஒன்றும் கிடையாது. ஆனால் தாசில்தார் வந்தால் நாற்காலி போடுவது இவர் வீட்டில்தான். மாரியம்மன் தேர் வடத்தை முதலில் தொடுவது இவர் கைதான். அது போய்விட்டால் ஊருக்குள் எப்படி நடமாடுவது என்று நினைக்கும்போதே அவருக்கு நாக்கு வறண்டுவிடும்.

1941-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு பகல் வேளை, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அருணகிரி முதலியார் சைக்கிளில் வந்து இறங்கினார். கூடத்தில் நாற்காலி போட்டாயிற்று. மணியகாரரின் சம்சாரம் முத்தாயம்மாள் நீர்மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு ஆரம்பித்த பரமபத ஆட்டம், ஏகாதசி போய் இருபது நாளாகியும் ஓய்ந்தபாடில்லை. பொம்பளைகளுக்கு வேறு வேலை ஏது என்று மணியகாரர் சொல்லிச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"நான் வந்ததும் பரமபத விஷயமாத்தான், கவுண்டரே" என்று சொல்லிப் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து விரித்தார்.

பழைய வேட்டியில் கிழித்த துணி. கரியிலும் செம்மண்ணிலும் மஞ்சளிலும் கட்டம் போட்டு, பாம்பும் ஏணியுமாக வரைந்திருந்தது. ஏணியில் ஏறினால் மேலே, பாம்பிடம் கடிபட்டால் கீழே. குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஆட்டம். ஆனால் உச்சியில் பெருமாளும் இல்லை, வைகுண்டமும் இல்லை. ஒரு கொடிமரமும் அதில் ராட்டைக் கொடியும்தான் இருந்தன. பாம்புகளும் புராணத்துப் பாம்புகள் இல்லை. ஒன்றின் வாயில் சீமைத்துணி மூட்டை. ஒன்றின் வாயில் கள்முட்டி. ஒன்றின் வாயில் யுத்த நிதி உண்டியல். நடுவே கம்பி போட்ட கதவோடு ஒரு ஜெயில். அந்த ஜெயிலில் பாம்பு இல்லை. ஏணி இருந்தது. துணியிலேயே நீளமான ஏணி அதுதான். நேரே கொடிமரத்தடிக்குப் போயிற்று.

இன்ஸ்பெக்டர் மெதுவான குரலில் விளக்கினார். பரமபதத்தில் தினுசு தினுசாக வருவது புதிதல்ல. பழனிப் படியை ஏணியாகப் போட்டு ஒன்று விற்கிறான். மதுவிலக்கு வந்த வருஷம் கள்முட்டியைப் பாம்பாகப் போட்ட படத்தை அவரே வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். அதெல்லாம் சரி. இப்போது சேலத்திலிருந்து எவனோ ஒருவன் ரகசியமாக இந்தச் சுயராஜ்யப் பரமபதத்தைக் கிளப்பிவிட்டிருக்கிறான். அதைப் பார்த்து ஒவ்வோர் ஊரிலும் தங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி வரைந்துகொள்கிறார்கள். ஜலகண்டாபுரத்தில் பிடிபட்டதில் ஏணிகளெல்லாம் தறியில் ஓடும் பாவு. தம்மம்பட்டியில் பிடிபட்டதில் உச்சியில் பச்சைமலை. ஆடுகிறவர்கள் விளையாட்டோடு நிற்பதில்லை. யுத்த எதிர்ப்புச் சத்தியாக்கிரகம் என்று தேதி குறித்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஜெயிலுக்குப் போகிறார்கள்.

"இது எருமப்பட்டிச் சந்தையில ஒரு வெத்திலைக் கூடைக்கு அடியில இருந்தது. எந்த ஊர்ச் சரக்குன்னு பாருங்க" என்று கொடிமரத்துக்கு இரண்டு கட்டம் கீழே விரலை வைத்தார்.

அங்கே தடித்த பாம்பு ஒன்று படமெடுத்து நின்றது. தலையில் இடப்பக்கம் சாய்த்துக் கட்டிய உருமால். முறுக்கின மீசை. கழுத்தடியில் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடிகூட இருந்தது. அந்தப் பக்கத்தில் உருமாலை இடப்பக்கம் சாய்த்துக் கட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் இப்போது துணியின் மேல் குனிந்து, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டில் தாயக்கட்டை உருண்டது. யாரோ தாயம் விழுந்துவிட்டது என்று கை தட்டினார்கள்.

பாம்பின் உடலோடு மணியகாரரின் கண் கீழே இறங்கியது. வால் முடிந்த கட்டத்தில் ஒரு கிழவி கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கிழவி யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, யாரோ தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். தெரியாமல் என்ன? நன்றாகத் தெரியும்.

கூலி வேலை செய்கிற பொன்னாயிதான் அது. அவளுக்கு ஒரே மகன் சென்றாயன். தாசில்தாரிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமென்று அவனைப் பட்டாளத்துக்கு எழுதிவைத்தவர் மணியகாரர்தான். மார்கழி நடுவில் தாலுகா ஆபீஸ் தபாலில் ஒரு காகிதம் வந்தது: இன்னார் எகிப்தில் நடந்த சண்டையில் இறந்துபோனான், தாயாருக்குத் தெரிவிக்கவும். அந்த வாரம் செம்மாம்பட்டியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் முகாம் நடக்க இருந்தது. சாவுச் செய்தி பரவினால் ஒருத்தன் வருவானா? மணியகாரர் காகிதத்தை மேஜைப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். முகாம் முடிந்து பதினோரு பேரை ஏற்றி அனுப்பிய பிறகு, ஒன்பதாம் நாள், அன்றைக்குத்தான் வந்ததுபோல் எடுத்துப் படித்துக் காட்டினார். தபால் கொண்டுவந்த தலையாரி கந்தனுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகவே அந்த ஒன்பது நாள் சமாசாரம் தம்மைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பத்து நாள் தவணை. வரைந்தவனை மணியகாரரே பிடித்துக் கொடுத்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால், தன் ஊரிலேயே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒருவரிடம் மணியம் எதற்கு என்று மேலே கேட்பார்கள். இதையும் சிரிக்காமல்தான் சொன்னார். முத்தாயம்மாளின் மோர் பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அன்றைக்கு மத்தியானம் மணியகாரருக்குச் சோறு இறங்கவில்லை. துணியை இன்ஸ்பெக்டர் கொண்டுபோய்விட்டாலும் அது அவர் கண் முன்னாலேயே விரிந்து கிடந்தது. அதில் ஒரு விசேஷம் உண்டு. ஓரிடத்தில்கூட ஒரு எழுத்து இல்லை. கட்டத்துக்கு எண்கூட இல்லை. இது பெரிய கெட்டிக்காரன் வேலை என்று அவர் முடிவு கட்டினார். கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்து, எழுத்தே இல்லாமல் வரைந்திருக்கிறான். அப்படி யோசிக்க நாலு எழுத்துப் படித்த மூளை வேண்டும். அந்த மூளை மேஜைப்பெட்டிக் காகிதத்தையும் படித்திருக்க வேண்டும். ஊரில் நன்றாகப் படித்தவர் என்று சொல்ல இருந்தது ஒரே ஒருவர். அவரும் இவர் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை சென்னிமலை எருமப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மகள் சௌந்திரம் ஏழு மாதம்; பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் மாப்பிள்ளையும் கூடவே வந்து தங்கியிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். தீபாவளியிலிருந்து கதர் கட்டுகிறார். சனிக்கிழமை தவறாமல் நாமக்கல் போகிறார். அதிர்ந்து பேசாதவர்கள் மேல் மணியகாரருக்கு எப்போதுமே ஒரு கண். பேசுகிறவன் என்ன நினைக்கிறான் என்பது பாதியாவது தெரிந்துவிடும் அல்லவா?

மாமனார் மாப்பிள்ளையின் பெட்டியைத் திறப்பது மரியாதை ஆகாது. அதனால் முத்தாயம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் வந்தது, துணி, பாம்பு, தவணை எல்லாவற்றையும் சொன்னார். எதையும் அவளிடம் சொல்லி முடித்தால்தான் அவருக்குச் செரிக்கும். இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம். அவள் கவனமாகக் கேட்டாள். அந்தப் பாம்பு நல்லா இருந்துச்சுங்களா என்று மட்டும் கேட்டாள். என்ன கேள்வி இது என்று அவர் எரிந்து விழுந்தார். மறுநாள் பெட்டியைப் பார்த்துவிட்டதாகவும், அதில் நாலு கதர்த்துணியும் நூல் நூற்கிற தக்ளி ஒன்றும்தான் இருக்கின்றன என்றும் வந்து சொன்னாள்.

ஒன்றும் இல்லை என்றால் ஒளித்துவைத்திருக்கிறான் என்று அர்த்தம். சனிக்கிழமை தலையாரி கந்தனை மாப்பிள்ளைக்குப் பின்னால் அனுப்பினார். கந்தன் திரும்பி வந்து, மாப்பிள்ளை நாமக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு வீட்டுக்குள் போனார், அங்கே நாலைந்து கதர்க்காரர்கள் இருந்தார்கள், ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு வேறொரு காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார் என்றான். இவன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறானே, இவனும் கூட்டாளியாக இருப்பானோ என்று மணியகாரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவன் நாமக்கல் வரைக்கும் வெயிலில் நடந்து போய்விட்டு வந்தவன்.

அதற்குப் பிறகு மணியகாரருக்கு வீட்டில் எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. மாப்பிள்ளை தண்ணீர் கேட்டால் ஏன் இப்போது கேட்கிறார் என்று தோன்றியது. சௌந்திரம் தகப்பனைப் பார்த்ததும் முந்தானைக்குள் எதையோ மறைத்தாள். பிடுங்கிப் பார்த்தால் மாங்காய். ஒருநாள் எதற்கோ பின்கட்டுப் பக்கம் போனார். வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள். முத்தாயம்மாள் விரித்திருந்ததைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பொன்னாயியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். ஆம்பளையைக் கண்டு மரியாதையாக எழுந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊருக்குள் புதிதாக யாராவது வந்தால் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு உத்தரவும் போட்டுவிட்டு வந்தார்.

எட்டாம் நாள் அவர் தீர்மானத்துக்கு வந்துவிட்டார். மேஜைப்பெட்டியைத் திறந்து, தம்முடைய மாப்பிள்ளை சென்னிமலை பேரிலேயே ரிப்போர்ட் எழுதினார். சாப்பிடும்போது வழக்கம்போல முத்தாயம்மாளிடம் சொன்னார்.

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வயித்துப்புள்ளைக்காரிய நெனச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

ஆறு மாதத்துக்கு மேல் போடமாட்டார்கள். சர்க்கார் காரியத்தில் மகள், மாப்பிள்ளை என்று பார்க்க முடியாது. மணியம் போனால் பிறக்கப்போகிற பேரனுக்கும் சேர்த்துத்தான் அவமானம் என்றார். நாளைக் காலையில் கந்தன் கையில் கொடுத்தனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அவள் இரண்டாம் முறை சோறு போட்டாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் அவர் உருமால் கட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கூடத்துக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். நோட்டீஸ். ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியதன் நகல். சட்டப்படி கிராம முன்சீப்புக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் என்பதால் கொண்டுவந்ததாகச் சொன்னார். மணியகாரருக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்படித்தான் இருந்தது. என் கணக்குத் தப்பவில்லை, ஆள் தானாகவே வந்து மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

'வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு செம்மாம்பட்டி மாரியம்மன் கோவில் முன்பாக, இந்த யுத்தத்துக்கு ஆளாலோ பணத்தாலோ உதவி செய்வது தவறு என்று சொல்லிச் சத்தியாக்கிரகம் செய்ய உத்தேசித்திருக்கிறேன். இப்படிக்கு, மேற்படி ஊர் மணியம் வெள்ளியங்கிரிக் கவுண்டர் சம்சாரம் முத்தாயம்மாள்.' கீழே இடது பெருவிரல் ரேகை.

ஆயிரம் ரேகை வாங்கிய மனிதர் அந்த ஒரு ரேகையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாகவும், தான்தான் போவதாக இருந்தது என்றும், அத்தைதான் பிள்ளை பிறக்கிற சமயம் என்று தடுத்துவிட்டதாகவும் முணுமுணுத்தார். நாமக்கல்லில் கொடுத்து வாங்கிய காகிதம் அத்தைக்குக் காங்கிரஸ் கமிட்டி கொடுத்த அனுமதி. தக்ளியும் அத்தையுடையதுதான்.

முத்தாயம்மாள் பின்கட்டிலிருந்து வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தூணோரமாக நின்றாள்.

"அந்தத் துணி?" என்றார் மணியகாரர்.

"நாந்தானுங்க போட்டேன். மாப்பிள்ளை சேலத்துலிருந்து ஒண்ணு கொண்டாந்தாருங்க. அது பூரா எழுத்தா இருந்துச்சு. எங்களுக்கு எங்கீங்க எழுத்துத் தெரியும்? சித்திரமா இருந்தாத்தான ஆட முடியும்? அதான் நம்ம ஊரையே போட்டேன்."

கெட்டிக்காரனைத் தேடி எட்டு நாள் அலைந்தவருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. எழுத்து இல்லாத துணியை எழுத்துத் தெரியாதவள் வரைந்திருப்பாள் என்ற எண்ணம், எல்லோரையும் எல்லா விதமாகவும் சந்தேகப்பட்ட அந்த மண்டைக்குள் ஒரு தடவைகூட எட்டிப்பார்க்கவில்லை.

"என்னையப் பாம்பாப் போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"பொன்னாயி விசயம் உங்களுக்கு மறந்துபோச்சுங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "காயிதம் வந்த அன்னைக்கே சாப்பிடறப்ப எங்கிட்டச் சொன்னீங்க. முகாம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதன்னீங்க. ஒம்பது நாளுங்க. அந்த ஒம்பது நாளும் அவ நம்மூட்டுக்குக் களையெடுக்க வந்தா. பொங்கலுக்கு எம்மவன் வந்துருவானுங்களா ஆத்தான்னு தெனமும் கேட்டா. வந்துருவான்னு சொன்னேனுங்க. மவனுக்குன்னு புதுத்துண்டு ஒண்ணு வாங்கியாந்து எங்கிட்டக் காட்டுனா. நல்லா இருக்குதுன்னு சொன்னேன். பொய்யி உங்களுதுங்க. சொன்ன வாயி என்னுதுங்க."

மணியகாரர் நாற்காலியில் உட்கார்ந்தார். இவளிடம் சொன்னோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. சொன்னதாகவே அவர் நினைத்ததில்லை. பெண்டாட்டியிடம் சொல்வதும் ஒரு சொல்வதா? கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத் தானே பேசிக்கொள்வதுபோலத்தான் இத்தனை வருஷமும் பேசியிருக்கிறார். எதிரில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. அது அவருக்குப் பழக்கமில்லாத சங்கதி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ரிப்போர்ட்டை எடுத்து நாலாகக் கிழித்தார்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் அவளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தார். மிரட்டிப் பார்க்கிறாளோ? கடைசி நேரத்தில் அழுதுவிடுவாளோ? அவள் அழுகிற மாதிரித் தெரியவில்லை. சௌந்திரத்துக்குப் பிரசவ மருந்து எந்தப் பானையில் இருக்கிறது என்று காட்டினாள். கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை எவ்வளவு என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள். ஜெயிலுக்குப் போகிறவளைவிட வீட்டில் இருக்கப்போகிறவருக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. மணியகாரர் வீட்டிலிருந்தே ஒருத்தி ஜெயிலுக்குப் போனால், அந்த வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்தவருக்கும் கேள்வி வரும். ஆனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். நாளைக்குச் சப்-இன்ஸ்பெக்டர் வந்து அழைத்துப்போகும்போது நடந்ததை ஸ்தலத்திலேயே மகஜராக எழுத வேண்டும். எழுதுகிறவர் கிராம முன்சீப். அதில் இவளுக்குக் கொஞ்ச காலமாகச் சித்த சுவாதீனம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். கேஸ் இல்லை. அம்மாள் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். மணியமும் அப்படியே இருக்கும்.

"ஒரே ஒரு வரிதான், கவுண்டரே. மூணு தலைமுறையா இருக்கிற மணியம். யோசிச்சுக்குங்க."

மணியகாரர் யோசித்தார். அந்த வழி அவருக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை. அவள் ஜெயிலில் களி தின்ன வேண்டாம். பேத்தியோ பேரனோ பிறக்கும்போது கூட இருப்பாள். ஊர் நாலு நாள் சிரிக்கும், அப்புறம் மறந்துவிடும். தம் நன்மைக்குச் சொல்கிற பொய்யில் அவள் நன்மையும் சேர்ந்திருப்பது அவருக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோவில் முன்னால் ஊரே கூடிவிட்டது. புளியமரத்தடியில் சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் வாடகை மோட்டார் ஒன்றோடு காத்திருந்தார்கள். முத்தாயம்மாள் முரட்டுக் கதர்ச்சேலை கட்டிக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். கோவிலைப் பார்த்துக் கும்பிட்டாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊர் மத்தியில் நின்று அவள் பேசியதே கிடையாது. முன் வரிசையில் நின்ற பொன்னாயி, "சொல்லுங்க ஆத்தா" என்றாள். முத்தாயம்மாள் சொன்னாள். இந்தச் சண்டைக்கு ஆளும் கொடுக்க வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம், கொடுப்பது பாவம் என்று அவளுக்கு வந்த வார்த்தையில், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர் அருகில் வந்து, வாங்கம்மா என்று மரியாதையாகவே கூப்பிட்டார்.

கோவில் படிக்கட்டில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மணியகாரர் மகஜர் எழுதினார். தேதி, இடம், நேரம், சொன்ன வாசகம் எல்லாம் கை பழகியபடி ஓடிற்று. அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் குனிந்து, எழுதுங்க என்றார். மணியகாரர் நிமிர்ந்து பார்த்தார். மோட்டார் பக்கத்தில் பொன்னாயி முத்தாயம்மாளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருத்திக்கு மகன் இருக்கிறான் என்று பொய் சொன்னாயிற்று. இன்னொருத்திக்குப் புத்தி இல்லை என்று இப்போது பொய் எழுத வேண்டும். இதைப் படித்துக் காட்டும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தார். அவரால் அதைத் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

குனிந்து எழுதினார். எழுதி முடித்ததை எட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டரின் முகம் சுண்டிவிட்டது. என்ன காரியம் செய்துவிட்டீர்கள், மணியம் போய்விடுமே என்று காதோரமாகச் சொன்னார். தெரியுமுங்க என்றார் மணியகாரர். அது பங்குனி பிறப்பதற்கு முன்னால் போகவும் போயிற்று.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு மகஜரைப் படித்துக் காட்டிய பிறகுதான் ரேகை வாங்க வேண்டும் என்பது சட்டம். மணியகாரர் எழுந்து மோட்டார் அருகே போய் நின்று படித்தார். "...மேற்படி முத்தாயம்மாள் நல்ல சித்த சுவாதீனத்துடனும் சுயபுத்தியுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றி மனப்பூர்வமாகவும் மேற்கண்ட வாசகத்தைச் சொன்னாள் என்பதை நேரில் பார்த்து எழுதினேன்." நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, அந்த வரியைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு மசியை எடுத்து அவளுடைய பெருவிரலில் தடவினார். விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்து அழுத்தினார். எல்லோரிடமும் கேட்பதுபோல, படித்துக் காட்டியது சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

முத்தாயம்மாள் காகிதத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"சரியாத்தானுங்க எழுதியிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறி உட்கார்ந்தாள்.